ஞாயிறு நாலு மணிக்கே வயிறு கலங்குகிறது: ஆட்டிசம், ஆபீஸ், தனி வீடு

மார்ச் 1, ஞாயிறு, மாலை 6.20 (கேள்வி)

எனக்கு 26 வயது. இரண்டு வருடம் முன்புதான் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். இது மூன்றாவது வேலை, சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. வேலை பிடித்திருக்கிறது, தப்பும் அதிகம் வருவதில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணி ஆனால் வயிறு கலங்க ஆரம்பிக்கிறது, திங்கள் காலை வாந்தி வரை போகிறது. அப்பா அம்மாவோடு இருக்கிறேன். தனியாக வீடு எடுத்துப் போக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. "முதல்ல ஒரு வேலையில ஒரு வருஷம் நில்லு, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். இந்தப் பயத்தை எப்படி நிறுத்துவது? ஆபீசில் சொல்லலாமா? சொன்னவர்கள் யாராவது இருந்தால் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

மார்ச் 4, புதன், இரவு 11.10

தம்பி, எனக்கு 39. ஆட்டிசம் என்று தெரிந்தபோது 32. அதற்குள் ஐந்து வேலை மாறிவிட்டேன். இப்போது இருப்பது ஆறாவது, ஏழாவது வருடம் ஓடுகிறது. கணக்குப் பிரிவில் சரிபார்க்கும் வேலை. வங்கி அனுப்பும் பட்டியலையும் நம் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்கே இடிக்கிறது என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க அதையே செய்யச் சொன்னாலும் செய்வேன். இரண்டு பக்கமும் டேலி ஆகும்போது வரும் நிம்மதி எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

நீங்கள் எழுதியதில் ஒன்றைத்தான் மூன்று முறை படித்தேன். வேலை பிடித்திருக்கிறது, ஆனாலும் வயிறு கலங்குகிறது. எனக்கும் வேலையைப் பார்த்து ஒரு நாளும் பயம் வந்ததில்லை. வேலையைச் சுற்றி யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் கிடக்கிறதே, அதைப் பார்த்துத்தான் பயம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நாலாவது வேலையில் ஒரு நாள் காலை 10.10க்கு மேலாளரிடமிருந்து ஒரு மெசேஜ். "நாலு மணிக்கு கொஞ்சம் பேசணும்." அவ்வளவுதான். 10.10 முதல் நாலு வரை நான் என்ன செய்தேன் என்று இன்றைக்கும் சொல்ல முடியும். போன மாதம் அனுப்பிய எல்லா மெயிலையும் ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். எதில் தப்பு, யாரிடம் எப்படிப் பேசினேன், வணக்கம் போடாமல் அனுப்பிய மெயில் எத்தனை என்று எண்ணினேன். சாப்பிடவில்லை. நாலு மணிக்கு உள்ளே போனால், நாற்காலிகளை மாற்றப் போகிறார்கள், உனக்கு எந்த மாதிரி வேண்டும் என்று கேட்டார். பதில் சொல்லிவிட்டு வந்து கழிவறையில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன், கை நடுக்கம் நிற்கவில்லை.

ஆய்வாளர்கள் இதை நிச்சயமின்மையைத் தாங்க முடியாத நிலை என்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களின் பதற்றத்தில் இதற்குப் பெரிய பங்கு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் பயத்தை எப்படி நிறுத்துவது என்று கேட்பதற்கு முன்னால், எது தெரியாததால் இந்தப் பயம் என்று கேட்டுப் பாருங்கள். திங்கள் காலை உங்களுக்கு என்னவெல்லாம் தெரியாது? ஒரு தாளில் எழுதுங்கள். எனக்குப் பதினொன்று வந்தது. அதில் ஏழு விஷயத்தை ஒரே ஒரு மெயிலில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது.

மார்ச் 4, இரவு 11.40

ஒன்று விட்டுப்போனது. வாந்தி வரை போகிறது என்றால் மருத்துவரையும் ஒரு முறை பாருங்கள். எல்லாவற்றையும் பதற்றத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. எனக்கு அப்படி எழுதி இரண்டு வருடம் வீணானது.

மார்ச் 6, வெள்ளி

மேலே எழுதியதை இன்று படித்தபோது பாதிதான் சரி என்று பட்டது. எல்லாப் பயமும் தெரியாததால் வருவதில்லை. சிலது பயமே இல்லை.

மூன்றாவது வேலையில் என் இருக்கைக்கு மேலே ஒரு பழைய டியூப்லைட். பழைய சோக் வைத்த டியூப்லைட்டுகள் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்து நொடிக்கு 100 அல்லது 120 முறை மினுங்கும். பெரும்பாலானவர்களின் கண்ணுக்கு அது தெரியாது. எனக்கு வெள்ளைத் தாள் கொதிப்பது போல இருக்கும். பின்னால் ஜெராக்ஸ் இயந்திரம், அது ஓட ஆரம்பிக்கும் முன் ஒரு டிக் சத்தம். மதியம் இரண்டு மணிக்கு நெஞ்சு படபடக்கும், யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தூக்கிப் போடும். நான் பயந்தாங்கொள்ளி, அதனால்தான் இப்படி என்று பதினான்கு மாதம் நம்பினேன். வேறு மாடிக்கு மாற்றினார்கள், ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. அந்த வாரமே படபடப்பு பாதியாகக் குறைந்தது. வேலை அதே வேலை, மேலாளரும் அவரேதான்.

உடம்பு சொல்வதைப் பெயர் வைத்துச் சொல்லத் தெரியாமல் இருப்பதற்கு அலெக்சிதைமியா என்று பேர். பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் 1970களில் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து வைத்த பெயர். உணர்ச்சிக்குச் சொல் இல்லை என்று அர்த்தம். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இது இருக்கிறது. எனக்கு ரொம்பவே உண்டு. பசி, சிறுநீர் முட்டுவது, காய்ச்சல் வரப்போவது, பயம், கோபம் எல்லாம் எனக்கு ஒரே இடத்தில், தொண்டைக்குக் கீழே ஒரு அழுத்தமாகத்தான் வரும்.

அதனால் மூன்று வாரம் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தேன். அழுத்தம் வந்தால் நேரம், இடம், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, என்ன சத்தம் கேட்கிறது, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று ஐந்தையும் எழுதுவேன். உணர்ச்சிக்குப் பெயர் வைக்க முயலவே இல்லை. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் 31 பதிவு இருந்தது. 12 முறை, சாப்பிட்டு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. 9 முறை சத்தம். மீதி பத்துதான் அடுத்து நடக்கப்போவதை நினைத்து வந்தவை. என் பயத்தில் மூன்றில் இரண்டு பங்கு, பசியும் ஜெராக்ஸ் இயந்திரமும்தான்.

மார்ச் 9, திங்கள்

"சொல்லலாமா" என்ற கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்று நினைவூட்டினீர்கள். தெரிந்துதான் தள்ளிப்போட்டேன், இதைப் பற்றி எனக்கே இரண்டு மனம்.

ஐந்தாவது வேலையில் சொன்னேன். ஆட்டிசம் உறுதியான அடுத்த வாரமே சொல்லிவிட்டேன். மூன்று பக்கக் கடிதம். ஆட்டிசம் என்றால் என்ன, மூளை எப்படி வேலை செய்கிறது, சின்ன வயதில் பள்ளியில் என்ன நடந்தது என்று எல்லாம் எழுதி எச்ஆருக்கு அனுப்பினேன். எனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் அதில் எங்கேயும் இல்லை. அவர்களுக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த மாதம் முதல் புது வேலைகள் என்னிடம் வரவில்லை. "உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்" என்றார்கள். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் எனக்குப் பிடித்த, எனக்கு நன்றாக வரும் வேலைதான் கையை விட்டுப் போனது. ஆறு மாதத்தில் நானே விலகிவிட்டேன்.

இப்போது இருக்கும் இடத்தில் முதல் ஒன்றரை வருடம் அந்தச் சொல்லை எடுக்கவே இல்லை. வேண்டியதை மட்டும் கேட்டேன். வாயால் சொல்லும் வேலையை ஒரு வரி மெயிலாகவும் அனுப்புங்கள், விட்டுப்போகாமல் இருக்கும் என்றேன். மீட்டிங்குக்கு முன்னால் என்ன பேசப்போகிறோம் என்று சொல்லுங்கள், கணக்கைத் தயாராக எடுத்து வருவேன் என்றேன். இரண்டுமே எல்லாருக்கும் உதவுகிற விஷயங்கள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அப்புறம் என் வேலையை அவர்கள் பார்த்து, நம்பிக்கை வந்த பிறகு, சொன்னேன். "ஓ, அதனாலதானா" என்றார் மேலாளர். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

நேற்று எழுதியதைப் படித்தால் சொல்லாமல் இருப்பதே நல்லது என்று நான் சொல்வது போல இருக்கிறது. அப்படி இல்லை, திருத்துகிறேன்.

சொல்லாமல் கேட்கக்கூடியதற்கு ஒரு எல்லை உண்டு. இருக்கையை மாற்று, தினமும் ஒரே நேரத்துக்கு வர விடு, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விடு என்று கேட்டால் காரணம் கேட்பார்கள். அங்கே சொன்னால்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006ல் வந்தது. அதன் 27ஆவது பிரிவு வேலையைப் பற்றியது. வேலையிடத்தில் நியாயமான வசதிகள் செய்து தரப்பட வேண்டும் என்று அதில் இருக்கிறது. உலகின் பெரும்பாலான நாடுகள் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை. உங்கள் நாட்டுச் சட்டம் அதை எப்படி எழுதியிருக்கிறது, சான்றிதழ் எதுவும் வேண்டுமா என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பிரச்சினை வந்த பிறகு தேட வேண்டாம்.

சொல்லும்போது கடிதம் அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. எனக்கு ஆட்டிசம் என்று ஒரு வரி. எனக்கு நன்றாக வருவது என்று இரண்டு வரி. எனக்கு வேண்டியது என்று மூன்று, அதுவும் அவர்கள் நாளைக்கே செய்யக்கூடியதாக. "சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "ஹெட்போன் போட்டுக்கொள்வேன், கூப்பிட வேண்டுமென்றால் மேஜையில் லேசாகத் தட்டுங்கள்" என்று எழுதுங்கள்.

மார்ச் 15, ஞாயிறு, மாலை 4.00

சரியாக நாலு மணிக்கு எழுதுகிறேன், தெரிந்துதான். உங்களுக்கு இப்போது வயிறு ஆரம்பித்திருக்கும்.

எனக்கு ஞாயிறு மாலையைச் சரிசெய்தது வெள்ளிக்கிழமை. ஞாயிறு அன்று என்ன செய்தும் அது சரியாகவில்லை. மூச்சுப் பயிற்சி, நடை, படம் பார்ப்பது எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். வெள்ளி அன்று கிளம்புவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் வேலையை நிறுத்திவிடுவேன். பாதியில் நின்றாலும் சரி. நிறுத்திவிட்டு மஞ்சள் ஒட்டுத்தாளில் திங்கள் காலை முதல் வேலையை எழுதி விசைப்பலகை மேல் ஒட்டுவேன். என்ன எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "நிலுவைப் பட்டியலை முடிக்க வேண்டும்" என்று எழுதினால் அது திங்கள் காலை ஒரு மலை மாதிரி நிற்கும். போன வெள்ளி நான் எழுதியது இது: "கணினியைத் திற. பிப்ரவரி கோப்பு. வரிசை 214. தொகை இடிக்கிறது, ரசீது நீலக் கோப்புறையில்." இவ்வளவுதான். திங்கள் காலை 214ஆவது வரிசைக்குப் போக எனக்கு எந்தத் தைரியமும் தேவையில்லை.

இன்னும் ஒன்று, அந்தத் தாளை போனில் படம் எடுத்துக்கொள்வேன். ஞாயிறு நாலு மணிக்கு வயிறு ஆரம்பித்தால் படத்தைப் பார்ப்பேன். திங்கள் என்றால் என்ன என்று அதில் இருக்கிறது. கலக்கம் முழுசாகப் போவதில்லை. ஆனால் உட்கார்ந்திருக்க முடிகிறது.

மார்ச் 22, ஞாயிறு

"பழகினால் சரியாகிவிடும், திரும்பத் திரும்பப் பயத்துக்குள் போக வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல மனதோடு எழுதியது தெரிகிறது. அதில் ஒரு பகுதி உண்மை. போனில் பேசுவது எனக்குப் பழகித்தான் சரியானது. முதலில் சொல்லப்போவதை வரி வரியாக எழுதி வைத்துப் படிப்பேன், இப்போது மூன்று சொல் குறித்துக்கொண்டால் போதும். ஆனால் டியூப்லைட் பதினான்கு மாதத்தில் பழகவில்லை, பதினான்கு வருடம் ஆனாலும் பழகியிருக்காது. மனம் கற்பனை செய்து வரும் பயத்துக்குள் திரும்பத் திரும்பப் போனால் குறையலாம். உடம்பைக் குத்துகிற ஒன்றுக்குள் திரும்பத் திரும்பப் போனால் புண்தான் பெரிதாகும். எது எது என்று பிரிக்கத்தான் அந்த நோட்டு.

மனநல ஆலோசகரிடம் போகலாமா என்று இன்னொருவர் கேட்டார். போகலாம், ஆனால் ஆட்டிசம் தெரிந்தவராகப் பாருங்கள். என் முதல் ஆலோசகர் "பயத்தை ஒரு மேகமா நினைச்சு, கடந்து போறதைப் பாருங்க" என்பார். எனக்கு மேகம் மட்டும்தான் தெரியும், பயம் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டாமவர் தாளில் 0 முதல் 10 வரை ஒரு கோடு போட்டார். 3ல் உடம்பில் என்ன நடக்கிறது, 6ல் என்ன, 8 வந்தால் எழுந்து எங்கே போவாய் என்று என்னையே எழுத வைத்தார். அந்தத் தாள் இன்னும் என் பையில் இருக்கிறது. மருத்துவ வழிகாட்டிகளைத் தயாரிக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2012ல் வெளியிட்டதிலும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு ஆலோசனை தரும்போது உவமைகளைக் குறைத்து எளிய சொற்களில் பேசுங்கள், எழுதியும் படமாகவும் காட்டுங்கள், இடையிடையே ஓய்வு கொடுங்கள், அவர்களுக்குப் பிடித்த விஷயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இருக்கிறது. ஆலோசகரிடம் முதல் நாளே இதைக் கேட்பதில் தவறே இல்லை.

மார்ச் 22, இரவு

மருந்து பற்றிக் கேட்டவருக்கு: ஆட்டிசத்துக்கு மருந்து இல்லை, தேவையும் இல்லை. பதற்றத்துக்கு உண்டு. நான் எட்டு மாதம் எடுத்தேன், உதவியது. மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மற்றபடி இதில் நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். 2007 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை முடிவு செய்தது, 2008 முதல் கடைப்பிடிக்கிறார்கள். இந்த நாளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் குழந்தைகளைப் பற்றியே இருக்கின்றன. அந்தக் குழந்தைகளுக்கு 26 வயதாகும், 39 வயதாகும், 60ம் ஆகும். மின்கட்டணம் கட்டுவார்கள், வேலை தேடுவார்கள். அதைப் பற்றியும் எழுதுங்கள் என்று எழுதுபவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். நான் ஆட்டிசம் என்றே எழுதுவேன். என் மதி இறுகியிருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. நல்ல தமிழ்ச் சொல் வேண்டும், அதை நாங்களும் உட்கார்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

பேச்சு விலகிப் போகிறது, இருந்தாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். டேமியன் மில்டன் என்ற சமூகவியலாளர், தானும் ஆட்டிசம் உள்ளவர், 2012ல் ஒன்று சொன்னார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்பது ஒரு பக்கம்தான், மற்றவர்களுக்கும் ஆட்டிசம் உள்ளவர்களைப் புரிவதில்லை, சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார். இதைப் படித்த நாளில் நான் அழுதேன். "கொஞ்சம் பேசணும்" என்ற மெசேஜில் என் தவறு மட்டும் இல்லை என்று யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

ஏப்ரல் 5, ஞாயிறு

மூன்று வாரமாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

இரண்டாவது வேலையில் நான் எல்லாருக்கும் பிடித்தவளாக இருந்தேன். கண்ணைப் பார்த்துப் பேசுவேன், மூக்குக்கும் புருவத்துக்கும் நடுவே பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்து அரை நொடி தாமதமாகச் சிரிப்பேன். விரல்களைத் தேய்ப்பது எனக்கு ஆறுதல், அதை மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். மாஸ்கிங் என்கிறார்கள், முகமூடி. அப்போது எனக்கு அந்தச் சொல் தெரியாது, நல்ல பெண்ணாக இருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். பாராட்டு வந்தது, பதவி உயர்வும் வந்தது.

இரண்டாம் வருட முடிவில் ஒரு காலை பல் துலக்கப் போனேன், பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்த பிறகு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். அம்மா வந்து பார்க்கும் வரை நின்றேன். அதன் பிறகு நாலு மாதம் வேலை இல்லை. சமைக்கத் தெரிந்தவள், அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிடுவேன். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் காதை அறுக்கும். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மனச்சோர்வு என்று சொல்லி அதற்கே வைத்தியம் நடந்தது.

2020ல் டோரா ரேமேக்கரும் உடன் ஆய்வு செய்தவர்களும் ஆட்டிஸ்டிக் பர்ன்அவுட் பற்றி எழுதினார்கள். மாதக்கணக்கில் நீடிக்கும் களைப்பு, தெரிந்த வேலைகளே செய்ய முடியாமல் போவது, சத்தம் வெளிச்சம் தாங்கும் சக்தி குறைவது, இந்த மூன்றும் அதன் அடையாளங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பர்ன்அவுட் வேலையோடு மட்டும் தொடர்பு உள்ளது. இது அப்படி இல்லை, வாழ்க்கை முழுக்க முகமூடி போட்டதற்கும், சக்திக்கு மீறி எதிர்பார்த்ததற்கும், இளைப்பாற இடம் இல்லாததற்கும் சேர்த்து வருவது.

தம்பி, ஏன் சொல்கிறேன் என்றால், பயம் குறைந்துவிட்டது, எல்லாரும் பாராட்டுகிறார்கள் என்று ஆறு மாதம் கழித்து நீங்கள் எழுதினால் நான் ஒரு கேள்வி கேட்பேன். வீட்டுக்கு வந்த பிறகு உங்களுக்குப் பேச முடிகிறதா?

ஏப்ரல் 12, ஞாயிறு

தனி வீடு. இதுதான் உங்கள் முதல் ஆசை, நான் ஆறு வாரம் வேலையைப் பற்றியே பேசிவிட்டேன்.

நான் 33 வயதில் தனியாகப் போனேன். முதல் மாதம் கதவைச் சாத்தியதும் வந்த அமைதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. டிவி சத்தம் இல்லை, "ஏன் ஒரு மாதிரி இருக்க" என்று கேட்க ஆள் இல்லை, விரலைத் தேய்க்கலாம், ஒரே பாட்டை நாற்பது முறை கேட்கலாம். திங்கள் காலைக்கு அது எவ்வளவு பலம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதனால் உங்கள் பெற்றோர் சொல்லும் வரிசை, முதலில் வேலை நிலைக்கட்டும் அப்புறம் வீடு என்பது, எல்லாருக்கும் பொருந்தாது. சிலருக்கு வீட்டில் இளைப்பாற முடியாததால்தான் வேலை நிலைக்காமல் போகிறது.

இரண்டாம் மாதம் வேறு கதை. கதவுக்கு அடியில் கடிதங்கள் வரும். ஒரு உறை, ஜன்னல் வைத்த உறை, உள்ளே சிவப்பு எழுத்து தெரிந்தது. நான் அதைத் திறக்கவில்லை. அடுத்ததையும் திறக்கவில்லை. அலமாரிக்கு மேல் வைத்தேன். பணம் இருந்தது, கட்டணம் கட்டுவதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, உறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாததுதான் பிரச்சினை. பதினேழு உறை சேர்ந்தது. ஒரு நாள் இருட்டாகிவிட்டது, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். வந்தார்கள், திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு உறையாகப் பிரித்து, "இது விளம்பரம், இது கட்டியாச்சு, இது கட்டணும்" என்று சொல்லிச் சொல்லி என் கையில் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் முடிந்தது. அன்று முதல் மாதம் ஒரு முறை, முதல் சனிக்கிழமை, அம்மா வருவார்கள், உறைகளைப் பிரிப்போம். இப்போது பெரும்பாலும் எல்லாம் போனிலேயே வந்துவிட்டது, ஆனாலும் அந்தச் சனிக்கிழமை உண்டு. தங்கை வீடியோவில் வருவாள் அம்மாவுக்கு முடியாதபோது.

உறையை நீயே பிரிக்காத வரை நீ தனியாக வாழ்வதாகச் சொல்ல முடியாது என்று ஒரு உறவினர் சொன்னார். எனக்கு ரொம்ப நாள் வலித்தது. ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு சுதந்திரமாக வாழ்வதைப் பற்றியது. எங்கே, யாரோடு வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை என்றுதான் அதில் எழுதியிருக்கிறது. அதற்குத் தேவையான உதவிகள் கிடைக்க வேண்டும் என்றும் அதே பிரிவில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் செய்து காட்ட வேண்டும் என்று ஒரு இடத்திலும் இல்லை. என் வீட்டுக்கு யார், எப்போது, எதற்கு வர வேண்டும் என்று நான் சொல்கிறேன். எனக்கு அது போதும்.

ஏப்ரல் 13, திங்கள்

அவசரப்பட்டு நாளைக்கே வீடு பார்க்க வேண்டாம். வேலை மாறிய மூன்று மாதத்துக்குள் வீடு மாறாதீர்கள், வீடு மாறிய மூன்று மாதத்துக்குள் வேலை மாறாதீர்கள். நான் இரண்டையும் ஒரே மாதத்தில் செய்தேன், உறைக் கதையில் அதற்கும் பங்கு உண்டு, நேற்று அதைச் சொல்லாமல் விட்டது சரியில்லை. முதலில் வீட்டிலேயே ஒரு வாரம் உங்கள் துணி, சாப்பாடு, கட்டணம், மருந்து எல்லாம் நீங்களே பாருங்கள். எது தானாக நடக்கிறது, எது விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எது விழுகிறதோ அதற்குத்தான் ஆள் வேண்டும், ஏற்பாடு வேண்டும். அந்தப் பட்டியலை அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். ஆசையைச் சொன்னால் அவர்களுக்குப் பயம் வரும், பட்டியலைக் காட்டினால் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

மே 3, ஞாயிறு

உங்கள் செய்தி படித்தேன். டீம் லீடிடம் கேட்டு வேலையை மெயிலில் வாங்குகிறீர்கள், ஒட்டுத்தாள் நடக்கிறது, ஆனாலும் போன திங்கள் வாந்தி வந்தது, அதனால் எல்லாம் வீண் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது திங்களில் எத்தனை திங்கள் வந்தது? எண்ணிச் சொல்லுங்கள். நீங்களும் என்னைப் போல எண்களை நம்புகிறவர்தானே.

மே 5, செவ்வாய்

நாலு. நல்லது. மார்ச்சுக்கு முன்னால் ஒவ்வொரு திங்களும் என்று எழுதியிருந்தீர்கள்.

மே 18, திங்கள், இரவு

எங்கள் பிரிவுக்குப் புது மேலாளர் வந்திருக்கிறார். வெள்ளி மாலை 5.40க்கு அவரிடமிருந்து மெசேஜ்: "திங்கள் பேசணும்." இத்தனை வருடம் கழித்து அதே மாதிரி மெசேஜ். எதைப் பற்றி என்று ஒரு வரி சொன்னால் தயாராக வருவேன் என்று பதில் போட்டேன். பதில் வரவில்லை, கிளம்பியிருப்பார்.

சனி முழுக்கப் பழைய மெயில்களைத் திறக்காமல் இருந்தேன், கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. ஞாயிறு நாலு மணிக்கு வயிறு ஆரம்பித்தது. கோட்டில் 7. தங்கையைக் கூப்பிட்டேன், எதுவும் பேச வேண்டாம், போனைத் திறந்து வைத்துவிட்டு உன் வேலையைப் பார் என்றேன். அவள் துணி மடித்தாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறரைக்கு 4.

இன்று காலை போனேன். புது மென்பொருளுக்கு யார் யாருக்குப் பயிற்சி என்று பேசத்தான் கூப்பிட்டிருக்கிறார். முடிந்ததும் எழுந்து வராமல் அங்கேயே சொன்னேன். குரல் நடுங்கியது, நடுக்கத்தோடே சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். மதியம் மூன்று மணிக்கு இன்னொரு மெசேஜ்: "நாளை 11 மணி, 10 நிமிடம், விடுப்புப் பட்டியல் பற்றி. பிரச்சினை எதுவும் இல்லை."

நான் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள் தம்பி. அப்படியே தருகிறேன், வேண்டியதை மாற்றிக்கொள்ளுங்கள்:

"எனக்கு ஆட்டிசம் இருக்கு. எதுக்குன்னு சொல்லாம கூப்பிட்டா அதுவரைக்கும் என்னால வேலை செய்ய முடியாது. எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எதைப் பத்தின்னு மூணு மட்டும் எழுதி அனுப்பினா போதும்."